கோயில் சுவரில் ஒரு கோல்

சோழநாட்டுப் பழங்கோயில்கள் சிலவற்றில் கருவறையின் வெளிச்சுவரை ஒட்டிச் சுற்றி வரும்போது, அதிட்டானம் என்ற அடித்தளத்தின் கல்வரிசையில் படுக்கைவாட்டமாக ஒரு நீண்ட கோடு தெரியும். ஆழமாக வெட்டிய, நேரான, தனிக் கோடு. இரு முனைகளிலும் குறுக்கே ஒரு வெட்டு, அல்லது கூட்டல் குறி போன்ற ஓர் அடையாளம் இருக்கும். பக்கத்தில் இரண்டொரு சொற்கள், இது இன்ன கோல் என்று. தீபாராதனைக்கு விரைபவர்கள் கண்ணில் அது படுவதில்லை. கல்வெட்டு படிப்பவர்களிலும் சிலர் மெய்க்கீர்த்தியைத் தேடிக்கொண்டு அதைத் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் ஒரு காலத்தில் அந்த வட்டாரத்து வயல் ஒவ்வொன்றின் பரப்பும், அதன்மேல் விழுந்த வரியும் அந்த ஒரு கோட்டைத்தான் நம்பியிருந்தன.

நிலம் அளக்கும் கோல் மரத்தால் ஆனது. வெயிலில் உலரும், முனை தேயும், வேண்டுமென்றே இரண்டு விரல் அறுத்துவிடவும் முடியும். சுவரில் வெட்டிய கோட்டை அப்படிச் செய்ய முடியாது. அளப்பவன் கொண்டுவந்த கோலின்மேல் ஐயம் வந்தால், ஊரார் அதைக் கோயிலுக்குக் கொண்டுபோய்ச் சுவரோடு வைத்துப் பார்க்கலாம். எழுத்துத் தெரியாதவனும் பார்க்கலாம். முனையும் முனையும் ஒத்தால் கோல் சரி, ஒக்காவிட்டால் அளந்தது செல்லாது. இதற்கு அதிகாரி தேவையில்லை, சான்றிதழ் தேவையில்லை. கோயில் சுவரைத் தேர்ந்தெடுத்ததற்குப் பக்தி மட்டும் காரணமாக இருக்க முடியாது. ஊரில் யாரும் இடித்துக் கட்டத் துணியாத, எல்லோர் கண்ணுக்கும் தெரிகிற கல் அங்கேதான் இருந்தது.

கோல் எல்லா ஊரிலும் ஒன்றாக இல்லை. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பதினெட்டு சாண் கோல் என்று கல்வெட்டுகள் பல கோல்களைப் பேசுகின்றன. மாளிகைக் கோல், உலகளந்தான் கோல், ஸ்ரீபாதக் கோல் என்று பெயர் வைத்த கோல்களும் உண்டு. இந்த நில அளவைக் கல்வெட்டுகளைச் சேர்த்து வைத்து ஆராய்ந்த எ. சுப்பராயலு போன்ற அறிஞர்களின் உழைப்பால்தான், எந்தக் காலத்தில் எந்த வட்டாரத்தில் எந்தக் கோல் நடப்பில் இருந்தது என்று இன்று ஓரளவு பேச முடிகிறது. கோலுக்கு அடிப்படை சாண். இரண்டு சாண் ஒரு முழம், பன்னிரண்டு விரல் ஒரு சாண், எட்டு நெல்லை நெருக்கி வைத்தால் ஒரு விரல் என்று வாய்பாடு கீழே இறங்கும்.

நீளத்தில் சிறியதாகத் தெரிகிற வேறுபாடு பரப்பில் எவ்வளவு பெரிதாகிறது என்பதைக் கொஞ்சம் நின்று கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் கொண்ட சதுரம் ஒரு குழி. பன்னிரு சாண் கோலால் ஒரு குழி என்பது 144 சதுரச் சாண். பதினாறு சாண் கோலால் 256 சதுரச் சாண். ஒரே வயலை முதல் கோலால் அளந்து 256 குழி வந்தால், இரண்டாவது கோலால் அளக்கும்போது 144 குழிதான் வரும். வரப்பு நகரவில்லை, விளைச்சல் கூடவில்லை, எண் மட்டும் ஏறக்குறையப் பாதியாகிவிடுகிறது. குழிக்கு இவ்வளவு நெல் என்று வரி வைத்திருந்தால், கோலைக் குறுக்குவது வரியை ஏற்றுவதற்குச் சமம். எந்தக் கோல் என்று சொல்லாமல் ‘நூறு குழி நிலம்’ என்று எழுதிய ஆவணம் ஒன்றுமே சொல்லாத ஆவணம். அதனால்தான் தானம் எழுதியவர்கள் ‘பதினாறு சாண் கோலால்’ என்று கோலின் பெயரையும் சேர்த்து வெட்டினார்கள்.

முதலாம் இராசராசன் 1001ஆம் ஆண்டை ஒட்டி நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் சொன்னான். அந்தப் பணியோடு சேர்ந்த அதிகாரிக்கு உலகளந்தான் என்ற பட்டம் வழங்கியது. மூவடியால் உலகளந்த திருமாலின் பெயர் நிலம் அளந்த மனிதனுக்கு வந்தது என்றால், அந்த வேலைக்கு அன்று இருந்த மதிப்பு விளங்கும். முதலாம் குலோத்துங்கன் 1086இல் மறுபடி அளந்தான். அதே ஆண்டில்தான் இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் தன் நாட்டு நிலங்களைக் கணக்கெடுத்தான். இந்தப் பொருத்தத்தை நீலகண்ட சாஸ்திரியார் தம் சோழர் வரலாற்றில் சுட்டிக்காட்டியிருக்கிறார். ஸ்ரீபாதக் கோல் என்ற பெயருக்குக் குலோத்துங்கனின் பாத அளவே காரணம் என்று ஆய்வாளர்கள் விளக்குவார்கள்.

தஞ்சைப் பெரிய கோயிலுக்கு வந்தால் இந்தக் கதை இன்னும் செறிவாகிறது.

கோயிலுக்கு இராசராசன் கொடுத்த ஊர்களின் பட்டியல் அங்கே கல்லில் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கும் முதலில் அளந்தபடி மொத்த நிலம். பிறகு அதிலிருந்து வரி இல்லாத நிலங்கள் கழிகின்றன. ஊர்நத்தம், கோயில்கள், குளங்கள், ஊடறுத்துப் போன வாய்க்கால்கள், கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு என்று ஒன்றுவிடாமல் எழுதுகிறார்கள். மிஞ்சிய நிலத்துக்குத்தான் வரி. இந்தக் கணக்கில் வேலி என்ற நில அளவின் பின்னங்கள் வருகின்றன. இருபதில் ஒன்று மா, எண்பதில் ஒன்று காணி, முந்நூற்றிருபதில் ஒன்று முந்திரி. அதற்கும் கீழே போக வேண்டுமானால் ‘கீழ்’ என்று போட்டு மறுபடி 320ஆல் வகுக்கிறார்கள். இப்படி அடுக்கடுக்காக இறங்கி, ஒரு வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை அந்தக் கல்வெட்டுகளில் கணக்கு போகிறது.

தமிழர் பெருமை பேசும் மேடைகளில் இந்த எண் அடிக்கடி வருகிறது. சோழர் நிலத்தை அவ்வளவு நுணுக்கமாக அளந்தார்கள் என்று சொல்லிக் கைதட்டு வாங்குகிறார்கள். அது எவ்வளவு நிலம் என்று பார்ப்போம். தஞ்சைப் பகுதியில் பிற்காலத்தில் வழங்கிய கணக்குப்படி நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி, ஒரு வேலி சுமார் 6.6 ஏக்கர். அதில் ஐயாயிரத்து இருநூற்று நாற்பத்திரண்டு கோடியே சொச்சத்தில் ஒரு பங்கு என்றால் அரைச் சதுர மில்லிமீட்டர். ஒரு கடுகு மூடும் இடத்தைவிடக் குறைவு. சேற்று வயலில், பல அடி நீள மரக்கோலை வைத்து, எந்த உலகளந்தானாலும் அதை அளக்க முடியாது. வரப்பில் ஒரு நண்டு வளை தோண்டினாலே அதைப்போல் ஆயிரம் மடங்கு மாறிவிடும்.

இந்தப் பின்னம் வயலில் பிறந்தது இல்லை, கணக்கனின் ஓலையில் பிறந்தது. கழித்தும் பெருக்கியும் வகுத்தும் வந்த விடையில் ஒரு துளியையும் அவன் விடவில்லை. கணக்கின் நேர்மை அது, அதற்கு உரிய மரியாதையைக் கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் அளவின் நுட்பம் என்பது வேறு. கோலால் பிரித்துக் காட்ட முடியாத அளவுக்குப் பின்னம் நீண்டால், அந்தக் கடைசிப் பின்னங்கள் நிலத்தைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. இன்று இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு முதலில் சொல்லிக்கொடுப்பதும் இதுதான். கருவி காட்டும் நுட்பத்துக்கு மேல் தசமப் புள்ளிக்குப் பின்னால் எண் எழுதாதே என்பார்கள். ஆகவே அந்தக் கல்வெட்டுகளின் பெருமையை இந்தப் பதினோரு இலக்க எண்ணில் தேடுவது தவறான இடத்தில் தேடுவது. உண்மையான பெருமை, எண்ணுக்கு முன்னால் அவர்கள் எழுதிவைத்த சொற்களில் இருக்கிறது.

பொன் கொடுத்தால் ‘ஆடவல்லான் என்னும் கல்லால் நிறை எடுத்து’ என்று எழுதுகிறார்கள். மணி பதித்த நகை என்றால் ‘தட்சிணமேரு விடங்கன் என்னும் கல்லால்’. நெல் அளந்தால் ‘ஆடவல்லான் என்னும் மரக்காலால்’, அந்த மரக்கால் இராசகேசரி என்ற மரக்காலோடு ஒத்தது என்ற குறிப்போடு. ஆடவல்லான் தில்லைக் கூத்தனின் பெயர், தட்சிணமேரு விடங்கன் தஞ்சைக் கோயில் இறைவனின் பெயர். எடைக்கல்லுக்கும் மரக்காலுக்கும் சாமியின் பெயரை வைத்ததில் ஒரு நடைமுறைப் பயன் இருந்தது. பெயருள்ள கல் ஒன்றே ஒன்றுதான். அது எங்கே இருக்கிறது, யார் பொறுப்பில் இருக்கிறது என்று ஊருக்குத் தெரியும். பல்லவர் காலத்திலேயே விடேல்விடுகு என்ற அரசப் பட்டத்தைத் தாங்கிய எடைக்கல் இருந்தது. பிழையா நாழி என்று ஒரு நாழிக்குப் பெயர். சூலக்குறி பொறித்த சூலநாழி வேறு. அருமொழிதேவன் மரக்கால் என்பது இராசராசனின் இயற்பெயரால் வந்தது.

மரக்காலின் பெயர் ஏன் அவ்வளவு முக்கியம்? பெரிய கோயில் பண்டாரத்திலிருந்து ஊர்ச்சபைகள் காசு கடன் வாங்கின. ஒரு காசுக்கு ஆண்டுக்கு முக்குறுணி நெல் வட்டி, அதாவது மூன்று மரக்கால். அந்தக் காலத்துச் சொல்லில் பலிசை. நானூறு காசு வாங்கிய சபை ஆண்டுதோறும் 1,200 மரக்கால், அதாவது நூறு கலம் நெல்லைக் கொண்டுவந்து அளக்க வேண்டும். சந்திரர் சூரியர் உள்ளவரை இது நடக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். மரக்கால் பத்தில் ஒரு பங்கு பெரிதாகிவிட்டால் அந்தச் சபை பத்துக் கலம் கூடுதலாகக் கொடுக்கும், ஆண்டுதோறும், தலைமுறை தலைமுறையாக. சிறிதாகிவிட்டால் கோயிலில் விளக்கு எரியாது, அமுதுபடி குறையும். இந்த இரண்டு அநியாயமும் நேராதபடி தடுத்தது ‘ஆடவல்லான்’ என்ற அந்த ஒரு சொல்தான். நெல்லை அரிசியாக்கும் விகிதத்தைக்கூட அவர்கள் வாய்ப்பேச்சில் விடவில்லை. ஐந்துக்கு இரண்டு, ஐந்து பங்கு நெல்லுக்கு இரண்டு பங்கு அரிசி என்று கல்லில் வெட்டிவிட்டார்கள்.

முத்துகளைப் பதிந்திருக்கும் முறையைப் படித்தால் இன்றைய நகைக்கடைக்காரர்கூட வியப்பார். எடை மட்டும் போதாது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. வட்டம், அனுவட்டம், ஒப்புமுத்து, குறுமுத்து, நிம்பொளம், பயிட்டம், கறடு, சப்பத்தி, சக்கத்து, குளிர்ந்த நீர், சிவந்த நீர் என்று தரம் பிரித்து, தரத்துக்கு இத்தனை என்று எண்ணிக்கை எழுதி, பிறகு எடை எழுதினார்கள். அரக்கும் பிஞ்சும் சட்டமும் அந்த எடையில் சேர்ந்தவையா என்பதையும் குறித்தார்கள். எடை கழஞ்சு, மஞ்சாடி, குன்றி என்று இறங்கும். இரண்டு குன்றி ஒரு மஞ்சாடி, இருபது மஞ்சாடி ஒரு கழஞ்சு. ஆயிரம் ஆண்டு கழித்தும் எதைச் சேர்த்து அளந்தார்கள், எதை விட்டு அளந்தார்கள் என்று நாம் கேட்கக் கூடிய கேள்விக்கு அந்தக் கல்லிலேயே பதில் இருக்கிறது.

செப்புத் திருமேனிகளுக்கும் இதே கவனம். பாதாதி கேசாந்தம், அதாவது பாதத்திலிருந்து தலைமுடி வரை, இத்தனை முழம், இத்தனை விரல், இத்தனை தோரை (விரலின் சிறு கூறு) உயரம். கைகள் எத்தனை, பீடத்தின் நீள அகலம் என்ன, பத்மத்தின் உயரம் என்ன, எல்லாம் தனித்தனியாக. அளந்தது எதனால்? கோயிலில் உள்ள முழத்தால் என்று அதையும் சொல்லிவிடுகிறார்கள். கோயிலில் ஸ்ரீகாரியம் பார்த்த ஆதித்தன் சூரியன் என்ற தென்னவன் மூவேந்தவேளான், நாயன்மார் திருமேனிகளோடு இராசராசனுக்கும் அவன் தேவி உலோகமாதேவிக்கும் படிமம் செய்து வைத்ததையும், அவற்றின் உயரத்தையும் இந்த முறையில்தான் பதிந்தார். இராசராசனும் உலோகமாதேவியும் என்று கருதப்படும் இரண்டு படிமங்கள் 2018இல் அகமதாபாத்திலிருந்து தஞ்சைக்குத் திரும்பி வந்தபோது, இந்தப் பழைய கல்வெட்டு மறுபடி செய்தித்தாள்களில் பேசப்பட்டது.

இங்கேதான் ஒரு பெரிய இழப்பு புரிகிறது. விரல் வரை, தோரை வரை எண் இருக்கிறது. ஆனால் ‘கோயிலில் உள்ள முழம்’ இன்று கோயிலில் இல்லை. அது மரமா உலோகமா, எப்போது மறைந்தது, எதுவும் நமக்குக் கிடைக்கவில்லை. அந்த முழக்கோல் கையில் இருந்தால் படிமத்தை அதனோடு வைத்து, இது அதுதான் அல்லது அதில்லை என்று ஒரு நிமிடத்தில் சொல்லிவிடலாம். அது இல்லாததால் கட்டடத்தின் அளவிலிருந்தும் வேறு படிமங்களிலிருந்தும் முழம் எத்தனை சென்டிமீட்டர் இருந்திருக்கும் என்று பின்னோக்கிக் கணக்கிட வேண்டியிருக்கிறது. சுவரில் வெட்டிய நிலக்கோல் பிழைத்துக்கொண்டது, பண்டாரத்தில் வைத்த முழக்கோல் போய்விட்டது.

நெல் அளவில் இன்னொரு சிக்கலும் உண்டு. ஒரே மரக்காலை வைத்துக்கொண்டு இரண்டு விதமாக அளக்கலாம். தலைதட்டி அளந்தால் ஒரு அளவு, குவித்து அளந்தால் வேறு அளவு. உயரத்திலிருந்து கொட்டினால் நெல் நெருங்கி உட்காரும், மெதுவாகச் சரித்தால் இடைவெளி விடும். களத்தில் அளப்பவன் ஒன்று என்று தொடங்காமல் ‘லாபம்’ என்று சொல்லித் தொடங்குவான், பிறகு இரண்டு, மூன்று. அவனுடைய கைப்பழக்கமும் அளவின் ஒரு பகுதி. அதனால்தான் கூலிக்காரர்கள் படியைப் பார்ப்பதைவிடப் படி பிடிக்கும் கையைக் கவனமாகப் பார்த்தார்கள்.

கம்பெனி ஆட்சி வந்தபோது இந்தப் பெயர் பெற்ற அளவுகளில் பெரும்பாலானவை வழக்கிழந்திருந்தன, ஆனால் வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபாடு மட்டும் அப்படியே இருந்தது. செங்கல்பட்டுக் காணி 57,600 சதுர அடி, அதில் இருபத்து நான்கில் ஒரு பங்கு 2,400 சதுர அடி. அதுதான் இன்றும் சென்னையில் மனை விற்பவர்கள் சொல்லும் ‘கிரவுண்டு’. புதிய ஆட்சியாளர்கள் அளவு விஷயத்தில் அலட்சியமாக இருக்கவில்லை. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலை அருகே சுமார் ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோட்டை அளக்கத் தொடங்கியபோது நூறு அடி எஃகுச் சங்கிலியைப் பயன்படுத்தினார். அளக்க ஒரு சங்கிலி, அதனோடு ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு சங்கிலி என்று இரண்டு வைத்திருந்தார். வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலியை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்து, வெப்பத்துக்கு ஏற்பத் திருத்தமும் செய்தார். இந்தியா முழுவதையும் முக்கோணங்களால் அளந்த பெரும்பணி அங்கே தொடங்கியது. கோயில் சுவரின் வேலையை அவரிடம் அந்த இரண்டாவது சங்கிலி செய்தது.

விடுதலைக்குப் பிறகு 1956இல் எடையளவுச் சட்டம் வந்தது. 1958 அக்டோபர் 1 முதல் மெட்ரிக் எடைகள் படிப்படியாக நடைமுறைக்கு வந்தன. வீசையும் பலமும் சேரும் மணங்கும் கடைகளிலிருந்து விடைபெற்றன. பாரிஸ் அருகே வைத்திருந்த பிளாட்டினம்-இரிடியம் கிலோ உருளையின் நகல்களில் 57ஆம் எண் இந்தியாவுக்கு உரியது, தில்லியில் தேசிய இயற்பியல் ஆய்வகத்தில் இருக்கிறது. 2019 மே 20 முதல் கிலோவுக்கு அந்த உருளை ஆதாரமில்லை. மாறாத இயற்கை எண்ணான பிளாங்க் மாறிலியின் மதிப்பை நிலைநிறுத்தி, அதிலிருந்து கிலோவைப் பெறுகிறார்கள். காரணம், நூறு ஆண்டுகளுக்கு மேலான ஒப்பீடுகளில் மூல உருளைக்கும் நகல்களுக்கும் இடையே மில்லிகிராமில் இருபதில் ஒரு பங்கு அளவுக்கு வேறுபாடு தெரிந்தது. எது கூடியது, எது குறைந்தது என்று அந்த உருளைகளை மட்டும் வைத்துச் சொல்ல வழியில்லை.

மளிகைக் கடையில் இரும்பு எடைக்கல் கிடைத்தால் திருப்பிப் பாருங்கள். அடியில் ஒரு குழி, அதில் ஈயம் ஊற்றி, அதன்மேல் முத்திரை அடித்திருக்கும். தொழிலாளர் துறையின் முத்திரை ஆய்வர் சோதித்துப் பார்த்ததற்கான அடையாளம் அது. எடை கூடுதலோ குறைவோ என்றால் அந்த ஈயத்தில்தான் சரிசெய்வார்கள். வாடிக்கையாளருக்கு அதைக் கேட்டுப் பார்க்கும் உரிமை உண்டு. அந்த உரிமையை நம்மில் பலர் பயன்படுத்துவதே இல்லை என்பது வருத்தம்.

காவிரிப் படுகையில் இன்றும் நிலம் மூன்று மொழியில் பேசுகிறது. பேச்சில் மா, குழி. பத்திரத்தில் ஏக்கர், சென்ட். பட்டாவில் ஹெக்டேர், ஏர். ஒரு மா 33 சென்ட், ஒரு ஏர் சுமார் இரண்டரை சென்ட் என்று வாய்க்கணக்காக மாற்றுவார்கள். இந்த மாற்றத்தில் விழும் சின்னச் சின்ன வித்தியாசங்கள்தான் வரப்புச் சண்டைகளாகி நீதிமன்றம் வரை போகின்றன. அப்போது சர்வேயர் வந்து, கல் எங்கே நட்டிருக்கிறது என்று தேடுவார்.

சுவர்க் கோடுகளுக்கு இப்போது ஆபத்து இருக்கிறது. திருப்பணி என்ற பெயரில் உயர் அழுத்தத்தில் மணலைப் பீய்ச்சிக் கல்லைச் சுத்தம் செய்ததில் பல கோயில்களில் எழுத்துகள் மழுங்கிவிட்டன. அதிட்டானத்தைச் சுற்றித் தரையை உயர்த்தி டைல்ஸ் பதிக்கும்போது கீழ்வரிசைக் கற்கள் புதைந்துவிடுகின்றன. எழுத்து இருந்தால் யாராவது தடுப்பார்கள். வெறும் கோடு என்றால், கல்தச்சன் விட்ட கீறல் என்று நினைத்துப் பூசிவிடுவார்கள். உங்கள் ஊர்ப் பழைய கோயிலில் அப்படி ஒரு கோடும் இரு முனைகளில் குறியும் கண்ணில் பட்டால், அதன்மேல் சுண்ணாம்போ சிமென்டோ படும் முன் முனையிலிருந்து முனை வரை ஒரு நாடாவால் அளந்து, படம் எடுத்து, தொல்லியல் துறைக்கும் கோயில் நிர்வாகத்துக்கும் எழுதுங்கள். படம் எடுக்கும்போது அளவு நாடாவையும் கூடவே கோட்டின்மேல் வைத்து எடுங்கள்.